யார் முன்னால் கழற்றுவது?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையோடு போக முடியாது. பலகை வைத்திருக்கிறார்கள், பலகையைக் கவனிக்காதவர்களுக்குச் சொல்ல ஆளும் இருக்கிறார். பழைய திருவிதாங்கூர்க் கோயில்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். எங்கள் ஈரோட்டுப் பக்கம் அப்படி இல்லை. கொடுமுடிக்கோ பவானிக்கோ சட்டையோடு போய்ச் சட்டையோடு திரும்புவோம். அதனால் வாசலில் என் மாப்பிள்ளை தயங்கி நின்றுவிட்டார். கொங்கு நாட்டில் மாமியார் முன்னால் மாப்பிள்ளை வெற்றுடம்போடு நிற்பது நடக்காத காரியம். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பனியனோடுகூடப் பார்த்ததில்லை.

சங்கடத்தைப் புரிந்துகொண்டு, "நான் போய் ஆஞ்சநேயரைப் பார்க்கிறேன், நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லி முன்னால் நடந்துவிட்டேன். பதினெட்டு அடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்தியிருந்தார்கள். சற்று நேரம் கழித்து மகளும் பேத்தியும் என் வீட்டுக்காரரும் வந்தார்கள். கடைசியாக மாப்பிள்ளை, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே இறுகக் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி வந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அவரைப் பார்த்து, "என்ன பணிவு!" என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். பணிவு இல்லை, வெட்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அந்தப் பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்தியையும் நிர்ப்பந்தத்தையும் உடம்பின் கோலத்தை வைத்துப் பிரிக்க முடியுமா என்ற கேள்வி அன்று முழுக்க என்னை விடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது.

நாங்கள் தங்கியிருந்தது நாகர்கோவிலில் என் தோழி வீட்டில். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் நாற்காலி முதுகெல்லாம் வெள்ளை லேஸ் விரிப்பு, அவளுடைய பாட்டி பின்னியது. 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கிய கைத்தொழில் அது. காலைச் சாப்பாட்டுக்குப் புட்டு, சிறுபயறு, பப்படம், ஒரு சீப்பு மட்டிப்பழம். முந்தின நாள் ராத்திரி மரச்சீனியும் மீன்குழம்பும் ஒரு வெட்டு வெட்டியிருந்த என் வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தோழி சிரித்துவிட்டாள். "கோயிலுக்குல்லா போறிய அண்ணே. இன்னைக்கு மீன் வாங்கல்ல." நாங்கள் கேட்கவே இல்லை. அவளுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. அன்று மதியம் அவள் வீட்டிலும் மீன் இல்லை.

சுசீந்திரத்தில் அவள் உள்ளே வரவில்லை. "எட்டி, நீங்க போயிட்டு வாங்க. நான் இந்தத் தெப்பக்கொளத்துக் காத்துல இருக்கேன்" என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியில் ஏறியதும் வாக்குவாதம் ஆரம்பித்தது. வண்டியை ஓட்டியது தோழியின் கணவர்; எங்களுக்கு அவர் அண்ணன். சுசீந்திரம் பார்த்துவிட்டு நேர் எதிர்த்திசையில் தக்கலைக்குப் போய், மறுபடி இந்தப் பக்கமே வருவது வரைபடத்தில் பார்த்தால் முட்டாள்தனமான வழி. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையை வெயிலுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றும் வழக்கத்தை ஆதரித்தார். "பட்டுச் சட்டைக்காரனும் கிழிஞ்ச பனியன்காரனும் உள்ளே ஒண்ணாயிடறாங்க இல்ல? பதவி, பணம் எல்லாத்தையும் வாசல்ல வெச்சுட்டுப் போறதுதானே அது?" நல்ல வாதம், மறுக்கவில்லை. கோயிலுக்குள் ஒருவர், கருங்கல்லின் சக்தி வெற்று மார்பில் நேரடியாக இறங்கும் என்று எங்களுக்கு விளக்கினாரே, அதைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்தச் சக்தி பெண்களுக்கு வேண்டாமா என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

மாப்பிள்ளை முன் சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "மாமா, ஒண்ணாயிடறாங்கன்னா சரி. ஆனா பூணூல் தெரியுமே." என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை தாமாகக் கண்டுபிடித்துச் சொன்னதல்ல அது. 2024 டிசம்பர் கடைசியில் நாராயண குரு நிறுவிய சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா, பூணூல் இருக்கிறதா என்று பார்க்கவே இந்த வழக்கம் வந்தது, இதைக் கைவிட வேண்டும் என்று பேசினார். கேரள முதல்வர் பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சமுதாய அமைப்பு கடுமையாக எதிர்த்தது. கேரளத்தில் அந்த விவாதம் நாள்கணக்கில் நடந்தது. பழைய திருவிதாங்கூரின் தெற்குத் துண்டான இந்த மாவட்டத்தில் அது பெரிதாகக் கிளம்பவில்லை. கிளம்ப வேண்டிய இடமே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறையிடம். 1956இல் மாநிலம் பிரித்தபோது வந்த ஏற்பாடு. இங்கே சட்டைக்குத் தடையில்லை, செருப்பைத்தான் கழற்ற வேண்டும். மாப்பிள்ளை நிம்மதியானார். கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரையில் பேத்தி வழுக்கி வழுக்கி நடந்தாள். ஊட்டுப்புரை, நாடகசாலை, மந்திரசாலை என்று பார்த்துக்கொண்டே வந்து உப்பரிகை மாளிகைக்கு வந்தோம். நாலு அடுக்கு. அடித்தளத்தில் கருவூலம். அதற்கு மேல் மன்னரின் பள்ளியறை. 64 வகை மூலிகை மரத்தால் செய்தது என்று சொல்லப்படும் கட்டில். அதற்கும் மேலே விரத நாட்களில் மன்னர் தங்கும் அறை. எல்லாவற்றுக்கும் மேலே சாமி அறை, சுவர் முழுக்கப் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள். அந்த உச்சி மாடிக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை.

நான் அந்த மாளிகை முன்னால் அதிக நேரம் நின்றுவிட்டேன். பணம், அதற்கு மேல் ராஜா, அவருக்கு மேல் கடவுள். ஒரு தேசத்தின் சித்தாந்தத்தை இவ்வளவு வெளிப்படையாக மரத்தில் செதுக்கி வைத்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா தம் ராஜ்யம் முழுவதையும் அனந்தபத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இனி தாம் பத்மநாபதாசன் என்று அறிவித்தார். திருப்படிதானம் என்பார்கள். அவருக்குப் பின்வந்த மன்னர்களும் அந்தப் பட்டத்தோடுதான் ஆண்டார்கள். அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதன் பலனையும் பார்க்க வேண்டும் அல்லவா? ராஜா கடவுளின் வேலைக்காரர் ஆகிவிட்டால், ராஜாவை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பதாகிவிடுகிறது. சரணாகதி அகந்தையை ஒழிக்கும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே அது அரசாங்கத்துக்கு அஸ்திவாரமாகவும் பயன்பட்டது.

அந்த ராஜ்யத்தில் மேலாடையை விலக்குவது மரியாதையின் அடையாளம். தெய்வத்தின் முன்னால் எல்லோரும் விலக்க வேண்டும். அதோடு முடிந்திருந்தால் என் வீட்டுக்காரர் சொன்னது முழுக்கச் சரி. முடியவில்லை. நம்பூதிரி முன்னால் நாயர் பெண் விலக்க வேண்டும். நாயர் முன்னால் நாடார் பெண் விலக்க வேண்டும் என்று அது மாடி மாடியாகக் கீழே இறங்கியது. கீழே இருந்த பெண்களுக்கு எந்நேரமும் யாராவது ஒருவர் மேலே இருந்தார்கள். ஆகவே அவர்கள் எப்போதுமே மாரை மூடக் கூடாது என்று ஆயிற்று. ஆண்களுக்கும் தடைகள் உண்டு. தோளில் துண்டு, தலையில் பாகை, காலில் செருப்பு, கையில் குடை, எதுவும் ஆகாது.

தோள்சீலைக் கலகத்தைப் பாடப்புத்தகத்தில் சில வரிகளில் படித்திருப்போம். என் தோழிக்கு அது குடும்பக் கதை. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற ரவிக்கையைக் கிறிஸ்தவப் பெண்கள் போடலாம், மேலே தோள்சீலை மட்டும் போடக் கூடாது என்று 1829இல் அரசாணை வந்தது. சந்தையில் ரவிக்கையைக் கிழித்தார்கள். 1858இல் கலவரம் மூண்டது. 1859 ஜூலை 26ஆம் தேதி வந்த அறிக்கையையும் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்கள்போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் மூடுவதுபோல மட்டும் கூடாது. மானத்தைக் கொடுத்தார்கள், சமமாக மூடும் உரிமையைக் கொடுக்கவில்லை. "எங்க பாட்டி சாவுற வரைக்கும் முழுக்கை ரவிக்கைதான்" என்றாள் தோழி. "மே மாசத்துலயும். ஏன்னு கேட்டா திட்டுவா."

தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவுக்குப் போனோம். மெய்ஞ்ஞானப் பாடல்களைத் தமிழில் பாடிய சூபி ஞானி அடங்கிய இடம். அங்கே தலையை மூட வேண்டும். மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். வெளியே வரும்போது, "காலையில கழத்துன்னாங்க, இப்ப கட்டுன்னாங்க" என்று சிரித்தார். தோழி தன் சபையில் பெண்கள் ஜெபத்தின்போது முந்தானையால் தலையை மூடுவதையும், முட்செடி எரிந்த இடத்தில் மோசே செருப்பைக் கழற்றியதையும் சொன்னாள். எந்த மதமானாலும் தெய்வத்தின் முன்னால் எதையாவது கழற்றச் சொல்கிறது அல்லது மூடச் சொல்கிறது. எது என்பது ஊர் வழக்கம். மனிதனுக்கு அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது. தெருவில் நடப்பதுபோலவே சன்னிதியில் நடந்தால் சன்னிதி என்று ஒன்று எதற்கு? ஆகவே சடங்கே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான்.

மதியத்துக்கு மேல் சுவாமித்தோப்பு. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை இங்கே திரும்புவதில்லை. எங்கள் பட்டியலிலும் இல்லை. அண்ணன் கேட்காமலே திருப்பிவிட்டார்.

1809இல் இந்த ஊரில் பிறந்த ஒரு நாடார் குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். கீழ்ச்சாதிப் பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியார் ஆட்சேபிக்க, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற வரலாறு. 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி எழுந்தவர் வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. கூட்டம் பெருகவே சுவாதித் திருநாள் மன்னரின் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. விடுதலையாகி வந்து 1851 வரை வாழ்ந்தார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளிக்க வேண்டும், ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்றார். அந்த முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது. மிஷனரிகளுக்கு இவரைப் பிடிக்கவில்லை, மதம் மாறுவது குறைகிறதே என்று அறிக்கைகளில் குறைப்பட்டுக்கொண்டார்கள். என் தோழி குடும்பத்தின் ஒரு கிளை மிஷன் வழியில் போயிற்று, இன்னொரு கிளை அய்யாவழியில். இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் வருகிறார்கள். இங்கே அவள் தெப்பக்குளக் காற்று தேடவில்லை. எங்களுக்கு முன்னால் உள்ளே போனாள்.

அய்யாவழியினரின் வழிபாட்டிடமான பதிக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஆனால் இங்கே இன்னொரு விதியும் உண்டு. தலைப்பாகை கட்ட வேண்டும். கட்டாமல் போக முடியாது. மாப்பிள்ளைக்குக் கட்டத் தெரியவில்லை. வெளியே நின்ற இளைஞர் ஒருவர் துண்டை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகி, "இப்பம் ராஜாதான்" என்று தோளில் தட்டினார். காலையில் கூனிக் குறுகி வந்த மனிதர் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன். உடம்பில் சட்டை அப்போதும் இல்லைதான். கைகள் மார்பைத் தேடிப் போகவில்லை.

எந்தத் தலையில் பாகை கட்டக் கூடாது என்று சட்டம் இருந்ததோ, அந்தத் தலையில் பாகை இல்லாவிட்டால் கடவுளைப் பார்க்க முடியாது என்று ஒரு மனிதர் விதியைத் திருப்பி எழுதியிருக்கிறார். சடங்கை அவர் ஒழிக்கவில்லை. குனிய வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெய்வத்துக்கும் உனக்கும் நடுவே நின்று உன் குனிவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவனை மட்டும் அப்புறப்படுத்தினார்.

பதியின் சன்னிதியைப் பள்ளியறை என்கிறார்கள். அதில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடியும் அதன் முன்னால் விளக்குகளும். கும்பிடுகிறவருக்குத் தன் முகம் தெரியும். நாராயண குரு களவங்கோடத்தில் கண்ணாடிப் பிரதிஷ்டை செய்தது 1927இல். வைகுண்டர் அதற்கு எவ்வளவோ முந்தியவர். மெய்யியல் படித்தவர்கள் இதை அத்வைதம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நூல் படித்தவனுக்கு "நீயே அது" என்பது ஒரு சித்தாந்தம். தோளில் துண்டு போடவே உரிமை இல்லாதவனுக்கு, தலைப்பாகையோடு தன் முகத்தைச் சன்னிதியில் பார்ப்பது வேறு விஷயம்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் தம் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார். "தன் முகத்தையே கும்பிட்டா அகந்தை வளராதா?" நியாயமான கேள்வி. கண்ணாடியில் நான் கண்டதை அவரிடம் சொன்னேன். முதலில் விளக்குச் சுடர்கள். அப்புறம் என் முகம், அவ்வளவு தெளிவாக இல்லை. என் தோளுக்கு மேலே மாப்பிள்ளையின் பாகை, ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவருக்கும் பின்னால், இடுப்பில் குழந்தையோடு யாரென்று தெரியாத ஒரு பெண், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி என்னை மட்டும் தனியாகக் காட்டவே இல்லை. யாரும் யாருக்கும் மேல்மாடியில் இல்லை. அகந்தை வளர ஆளில்லாத இடம் வேண்டும், அங்கே அது கிடைக்காது. வீட்டுக்காரர் "ம்" என்றார். அவர் "ம்" என்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

கன்னியாகுமரியில் படகுக்கு நீண்ட வரிசை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் பேத்தி கீழே கடலைப் பார்த்துக் கத்தினாள். அதற்குமேல் அதில் எழுத ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது கரையில் இருக்கும் காந்தி மண்டபம். 1925இல் காந்தி இங்கே பகவதியம்மன் கோயிலுக்கு வந்தார். இங்கிலாந்து போய்வந்தவர் என்பதால் உட்சன்னிதிக்குள் விடவில்லை. அதை அவரே எழுதியிருக்கிறார். மறு வருஷம் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. காலையில் என் தோழி காற்று வாங்கிய இடமும் அந்தத் தெருக்களும் அன்று எத்தனையோ பேருக்கு மூடிக் கிடந்தவை. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1937 ஜனவரியில் காந்தி திரும்ப வந்து, யாரையெல்லாம் விடாமல் வைத்திருந்தார்களோ அவர்களோடு சேர்ந்து உள்ளே போனார். 1948இல் அவருடைய அஸ்தி இந்தக் கடலில் கரைந்தது. 1956இல் மண்டபம் எழுந்தது. மண்டபத்துக்குள் செருப்பைத் தவிர எதையும் கழற்றச் சொல்வதில்லை.

பகவதியம்மன் கோயிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மாப்பிள்ளை, "நீங்க போயிட்டு வாங்க அத்தை, நான் அண்ணன்கூட இருக்கேன்" என்றார். சுவாமித்தோப்பில் நிமிர்ந்தவர் இங்கே ஏன் மறுத்தார் என்று என் மகளுக்குக் கோபம். எனக்கு இல்லை. காலையில் சுசீந்திரத்தில் அவர் கழற்றியது எங்களுக்காக; அதில் தெய்வத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது. சாயங்காலம் வேண்டாம் என்றது அவருடைய சொந்த முடிவு. அம்மன் அதை மதித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் மூக்குத்தி ஒளியைப் பார்த்துவிட்டு வந்தபோது இரண்டு பேரும் அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சட்டையைக் கழற்றிக் கும்பிடுவது அழகான வழக்கம்தான், விரும்பிச் செய்கிறவருக்கு. என் வீட்டுக்காரர் இனியும் அப்படித்தான் போவார். ஆனால் மறுக்க முடியாத இடத்தில் காட்டும் பணிவைப் பணிவு என்று கணக்கில் எடுக்க முடியாது. மீன் வாங்காமல் விட்டாளே என் தோழி, அவளை யாராவது வாசலில் நின்று தடுத்திருந்தால் அது மரியாதை ஆகியிருக்காது. மேலாடையை விலக்கு என்ற கட்டளை இந்த மண்ணில் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பது தெரிந்த பிறகும், அதைக் கட்டளையாகவே வைத்திருப்பது சரியில்லை. இந்த மாவட்டத்துக் கோயில்கள் இன்று அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. துறை வழக்கத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை. வாசல் பலகையில் "கூடாது" என்பதை அழித்துவிட்டு, "விரும்புவோர் மேல்சட்டையைக் கழற்றி வழிபடலாம்" என்று எழுதட்டும். கழற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்பது அதன் பிறகு தெரியும்.